முப்பத்தொன்றாம் எண் புட்டி

ஆய்வுக் கையேட்டின் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் இப்படி ஒரு பத்தி இருக்கிறது: "பங்கீடு அறிந்த மருந்தாளர் இயல்பிலேயே மிதமாகப் பேசுபவராக இருத்தல் வேண்டும். பங்கேற்பாளருடனோ அவர்தம் குடும்பத்தாருடனோ எவ்விதத் தொடர்பும் இல்லாதவராகவும், ஆய்வின் முடிவு எதுவாயினும் அதில் விருப்பு வெறுப்பு அற்றவராகவும் இருத்தல் வேண்டும்."

இந்தப் பணிக்கு நியமிக்கப்பட்டவரை மருத்துவமனையில் எல்லாரும் ரேடியோ என்று அழைத்தார்கள்.

காரணப் பெயர்தான். வெளிநோயாளிகள் பிரிவின் நான்காம் ஜன்னலில் இருபத்தொன்பது வருடம் மாத்திரை எடுத்துக் கொடுத்தவர். வந்தவர் சீட்டை நீட்டுவதற்குள் அவருடைய மாமியாரின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிடுவார். பதில் வந்துவிட்டால் போயிற்று. போன மாதம் இதே முழங்காலோடு வந்த இன்னொருவரின் கதை கிளம்பும். மூன்றாம் ஜன்னலில் வரிசை கரைந்துகொண்டிருக்கும், நான்காம் ஜன்னலில் வேர் பிடித்திருக்கும். ஆனால் நின்றவர்கள் யாரும் புகார் சொன்னதில்லை. வேலை வெட்டி இல்லாத சிலர், மூன்றில் ஆளே இல்லாதபோதும், நான்கில் வந்து நின்றார்கள்.

தலைமை மருந்தாளர் அம்மாவுக்குத்தான் அது கண்ணை உறுத்தியது. ஆய்வுக்கு ஒரு மூத்த மருந்தாளர் தேவை என்று கடிதம் வந்தபோது, அவர் நாற்பத்திரண்டாம் பக்கத்தைப் படிக்கவே இல்லை, அல்லது மிக நன்றாகப் படித்தார். இரண்டில் எது என்பது இன்றுவரை தெளிவாகவில்லை.

"நல்ல வாய்ப்பு சார். தனி ரூம்," என்றார்.

"ஜன்னல் இருக்கா மேடம்?"

"ஏசி இருக்கு."

ஆய்வு என்னவென்றால், சளியை இளக்குவதற்காக நாற்பது வருடமாக எல்லா மருந்துக்கடையிலும் கிடைத்துவரும் மாத்திரை ஒன்று. யாரும் அதை மதித்ததில்லை. இருமல் நின்றதும் மீதியை அலமாரியில் போட்டு மறந்துவிடுவார்கள். அந்த மாத்திரைக்கு மூளைச் செல்களில் தேங்கும் கழிவை வெளியேற்றும் குணமும் இருக்கலாம் என்று ஒரு குழு சந்தேகப்பட்டது. இருந்தால் பார்க்கின்சன் நோயை, அதாவது நடுக்குவாதத்தை, முற்றவிடாமல் பிடித்து நிறுத்தலாம். புதிதாக ஒரு மருந்தை உண்டாக்கப் பதினைந்து வருடம் ஆகும். பழையதுக்குப் புது வேலை கொடுத்தால் அத்தனை காலமும் மிச்சம். நிர்வாகம் ரேடியோவுக்குச் செய்ததும் ஏறக்குறைய அதேதான்.

தொண்ணூற்றாறு நோயாளிகள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்குப் போலி. கையேடு அதை 'ஒப்பீட்டு மாத்திரை' என்றது. மாடியில் எல்லாரும் மாவு என்றார்கள். அதே அளவு, அதே வெள்ளை, நாக்கில் வைத்தால் அதே கசப்பு. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பரிசோதிக்கும் மருத்துவருக்கும் தெரியாது. தெரிந்தால் மனசு கண்ணை ஏமாற்றிவிடும். மருந்து சாப்பிடுகிறவர் நன்றாக நடப்பதுபோலவே தோன்றும். அந்தக் கட்டடத்தில் தெரிந்தவர் ஒரே ஒருவர், பங்கீடு அறிந்த மருந்தாளர்.

அவருடைய அறை அடித்தளத்தில், பழைய எக்ஸ்ரே படங்கள் அடுக்கிய அறைக்கும் லிஃப்ட் மோட்டாருக்கும் நடுவில் இருந்தது. பட்டியலைப் பார்த்து, மாத்திரையை எண்ணி, புட்டியில் போட்டு, எண் ஒட்டி, சுவரில் இருந்த சின்னத் தூக்குப் பெட்டியில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் பெட்டி மேலே போய்விடும். கேன்டீனில் சாப்பிடக் கூடாது. ஆய்வு மருத்துவர்கள் அங்கே வருவார்கள். முன்படிக்கட்டில் ஏறக் கூடாது, நோயாளிகள் வருவார்கள். முதலில் எல்லாரும் இதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். பிறகு, இவரோடு பேசுவதைப் பார்த்தால் நாளைக்கு நம்மை விசாரிப்பார்களோ என்று பயந்தார்கள். "ரேடியோவை ஆஃப் பண்ணிட்டாங்கப்பா," என்று லிஃப்ட்காரர் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார். ரேடியோ ஒருநாள் லிஃப்ட்டை நோக்கி வந்தபோது கதவைச் சாத்தியதும் அவர்தான்.

அறையில் படிப்பதற்கு அந்தப் பட்டியலைத் தவிர வேறெதுவும் இல்லாததால் இரண்டே மாதத்தில் தொண்ணூற்றாறும் மனப்பாடம். எண்ணும் பெயரின் முதலெழுத்துகளும் மட்டுமே இருக்கும் பட்டியல். ஆளைத் தெரியாது, முகம் தெரியாது, மாமியாரின் முழங்கால் தெரியாது. நாற்பத்தேழு, மருந்து. நாற்பத்தெட்டு, மாவு.

வீட்டிலும் காது கொடுக்க ஆள் இல்லை. மனைவி இறந்து ஆறு வருடம். தூரதேசத்தில் இருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிடுவாள். முன்பெல்லாம் அவர் ஆரம்பித்தால், "அப்பா, எனக்கு வேலை இருக்குப்பா," என்று கெஞ்சி வெட்டவேண்டியிருக்கும். இப்போது "எப்படி இருக்கீங்க" என்றால் "இருக்கேம்மா" என்கிறார். அதற்கு மேல் ஒன்றும் வருவதில்லை. மகள் பயந்துபோனாள். அப்பாவுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்துவிட்டது என்று முடிவுகட்டி, மூளையைக் கூர்மையாக்கும் புதிர்ப் புத்தகம் ஒன்றை அனுப்பிவைத்தாள்.

"தினம் ஒரு பக்கம் போடுங்கப்பா. மறக்காம."

"எனக்கு ஒண்ணும் மறக்கலம்மா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

எட்டு மாதம் இப்படிப் போயிற்று.

சலவைக்கூடத்துக்குப் பின்னால் ஒரு சிமென்ட் பெஞ்சு உண்டு. உள்ளே படுக்கை விரிப்புகள் வேகும் சூடு சுவர் வழியாக முதுகுக்கு வரும். ரேடியோ மத்தியானம் அங்கே உட்கார்ந்து ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிடுவார். ஒரு வியாழக்கிழமை அந்தப் பெஞ்சுக்கு இன்னொருவர் வந்து நின்றார். அறுபத்தைந்து வயதிருக்கும் அம்மாள்; தோளில் துணிப்பை.

"இது உங்க இடமா தம்பி?"

"இல்லக்கா. ஆஸ்பத்திரி இடம்."

"அப்ப நகருங்க."

நகர்ந்தார். அக்கா ஓய்வுபெற்ற டெலிபோன் ஆபரேட்டர். கணவர், ஓய்வுபெற்ற நில அளவையாளர், பக்கத்துக் கட்டடத்தில் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார். வியாழன்தோறும் ஒரு மணி நேரம். அங்கே கூட உட்கார்ந்தால் சர்வேயருக்குப் பிடிக்காதாம். கை காலை நீட்டுவதை மனைவி பார்க்கக் கூடாதாம்.

"எங்களை வேலைக்கு எடுக்கும்போதே சத்தியம் வாங்கிட்டாங்க தம்பி. அடுத்தவங்க பேச்சை ஒட்டுக் கேட்கக் கூடாதுன்னு."

"கேட்டீங்களா?"

"கேட்காம? லைன் அறுந்துச்சா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

ரேடியோ சிரித்தார். எட்டு மாதத்தில் முதல் சிரிப்பு என்பதால் அது இருமலாகத்தான் வந்தது.

"நீங்க இங்க என்ன வேலை?"

"மருந்து ஸ்டோர்ல."

"அதான் வாயைத் திறக்க மாட்டேங்கறீங்க. ஸ்டோர்க்காரங்களே இப்படித்தான், கேட்டா ஒரு வார்த்தை."

அவரைப் பார்த்து யாரும் அப்படிச் சொன்னது பிறந்ததிலிருந்து அதுவே முதல் தடவை. அன்று மாலை பேருந்தில் அதை நினைத்து நினைத்துப் பெருமைப்பட்டார், பிறகு வருத்தப்பட்டார், இறங்குமிடத்தைத் தவறவிட்டார்.

அடுத்த வியாழன் இரண்டு முட்டை கொண்டுவந்தார். அக்கா ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒரு வங்கி மேலாளரின் பழைய காதல் கதையை, இருபக்கக் குரலிலும், முழுவதும் சொன்னார். அதற்கடுத்த வியாழன் ஒரு நீதிபதியின் தம்பி ஃபோனில் பேசிய ரகசியம். ரேடியோவும் பதிலுக்கு நான்காம் ஜன்னல் காலத்துச் சரக்கை அவிழ்த்தார். முக்கால் மணி நேரம் முக்கால் நிமிடமாகப் போயிற்று.

நான்காவது வியாழக்கிழமைதான் அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"உங்ககிட்ட சொன்னா என்ன, நீங்க ஸ்டோர்தானே. எங்க வீட்டுக்காரர் இங்க ஒரு ஆராய்ச்சியில சேர்ந்திருக்கார். அவர் நம்பர் முப்பத்தொண்ணு."

ரேடியோவின் வாயில் முட்டை இருந்தது.

முப்பத்தொன்று, மாவு.

"பாதிப் பேருக்கு வெறும் மாவாம். சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி. நான் ஏன் தம்பி சீட்டுக் குலுக்கணும்? அதே மாத்திரை எங்க தெருக்கடையில கிடைக்குது. பேப்பர்ல அளவும் போட்டிருந்தான், நாளைக்குப் பன்னெண்டு. பொடிச்சு, தேன்ல குழைச்சு, சத்து மருந்துன்னு சொல்லிக் கொடுக்கறேன். அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா வீட்டையே அளந்து ரெண்டாப் பிரிச்சிடுவார்."

அந்த நிமிடமே எழுந்து போயிருக்க வேண்டும். எழுந்து போய், முப்பத்தொன்றாம் எண் வெளியே மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறது என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அப்படி எழுதுவதால் யாருக்கு எது என்ற ரகசியம் உடையாது. மருந்து கிடைப்பவர் வாங்கினாலும் மாவு கிடைப்பவர் வாங்கினாலும் தப்பு தப்புதான். கையேட்டில் தெளிவாகவே இருக்கிறது.

ரேடியோ எழுந்திருக்கவில்லை. "வாந்தி கீந்தி எடுக்கறாராக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"காலையில கொஞ்சம் குமட்டுது. பரவாயில்ல."

மூன்று வியாழக்கிழமைகள் அவர் அதைத் தன்னோடு வைத்துக்கொண்டார். தனக்குத்தானே சொல்லிக்கொண்ட காரணங்கள் நியாயமானவைதான். குலுக்கல் கைவிட்ட ஒரு மனிதருக்கு மனைவி மருந்து கொடுக்கிறாள். அதைப் பிடுங்க நான் யார்? ஒரு ஆள், தொண்ணூற்றாறில் ஒன்று, அதனால் என்ன குடிமுழுகிவிடும்? இவற்றுக்கெல்லாம் அடியில் இருந்த காரணம் வேறு. எழுதிக் கொடுத்தால் வியாழக்கிழமை போய்விடும்.

ஏழாவது வியாழன் அக்கா ஓட்டமும் நடையுமாக வந்தார். பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்துப் பெஞ்சில் பரப்பினார். இரண்டிலும் சர்வேயரின் கையெழுத்து, ஒரே வாக்கியம். நடுக்குவாதம் வந்தால் எழுத்து போகப் போகச் சின்னதாகும். முதல் தாளில் வரியின் கடைசிச் சொற்கள் எறும்பு ஊர்ந்ததுபோல இருந்தன. இரண்டாவது தாளில் எழுத்து கடைசிவரை ஆளாக நின்றது.

"பார்த்தீங்களா? இது நாலு மாசம் முந்தி. இது நேத்து. மாடியில டாக்டரும் அளந்து பார்த்தார். முன்னேற்றம்னு எழுதிக்கிட்டார். என் கண்ணு முன்னாலயே எழுதினார் தம்பி!"

"அப்படியா," என்றார் ரேடியோ.

"அப்படியாவா? நான் கூத்தாடிக்கிட்டு வர்றேன், அப்படியாங்கறீங்க!"

அவர் கண் தாளில் இருந்தது. மனசு வேறொரு தாளில் இருந்தது. மாடியில் டாக்டர் எழுதிய முன்னேற்றம் எந்தப் பக்கத்தில் போய்ச் சேரும்? முப்பத்தொன்று மாவு. ஆகவே மாவு சாப்பிட்டவர் தேறினார் என்று சேரும். மாவு தின்றவரும் தேறுகிறார் என்றால் மருந்துக்கு என்ன மதிப்பு? அக்கா தேனில் குழைத்துக் கொடுத்த மருந்து உண்மையிலேயே வேலை செய்திருந்தால், அது எவ்வளவுக்கு வேலை செய்ததோ அவ்வளவுக்கு அந்த மருந்துக்கு எதிரான சாட்சியாக எழுதப்படும். சர்வேயர் நிமிர நிமிர, மருந்து விழும். அக்கா வீட்டுக்கு வெளியே இதே எறும்பு எழுத்தோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கு, அது உதவாத சளி மாத்திரையாகவே மருந்துக்கடையில் கிடக்கும். வேலை செய்ததா என்பதும் யாருக்கும் தெரியாது. உடற்பயிற்சியாக இருக்கலாம், நம்பிக்கையாகக்கூட இருக்கலாம். தெரிந்துகொள்ளத்தான் இத்தனை பாடு.

இதையெல்லாம் அக்காவிடம் சொல்ல முடியாது. சொன்னால் அவர் சாப்பிடுவது மாவு என்று சொன்னதாகிவிடும்.

அடுத்த நாள் காலை அறிக்கைப் படிவத்தை எடுத்தார். பங்கேற்பாளர் எண்: 31. விவரம்: அதே மருந்தை வெளியில் வாங்கி உட்கொள்கிறார், பங்கேற்பாளர் அறியாமல் மனைவி தருகிறார். தகவல் கிடைத்த விதம்: நேரடித் தொடர்பு. தொடர்பின் கால அளவு: ஏழு வியாழக்கிழமைகள், தலா முக்கால் மணி. கடைசிக் கட்டத்தில், 'அறிவிப்பதில் தாமதம் எனில் காரணம்' என்று இருந்தது. ஒரு முழங்காலைப் பற்றி மூன்று கதை சொல்லக்கூடிய மனிதர் அந்த ஒரு வரியின் முன் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு காலியாகவே விட்டு, படிவத்தைப் பெட்டியில் வைத்துப் பொத்தானை அழுத்தினார்.

பத்து நிமிடத்தில் ஃபோன் வந்தது. ஆய்வு மருத்துவர்.

"முப்பத்தொண்ணு பத்தி எழுதியிருக்கீங்க. அவருக்கு... இல்ல. நான் கேட்கக் கூடாது."

"கேட்காதீங்க டாக்டர்."

ரேடியோவை அந்த வேலையிலிருந்து மாற்ற முடியவில்லை. மாற்றினால் ரகசியம் தெரிந்தவர்கள் இரண்டு பேர் ஆகிவிடுவார்கள். இனி மத்தியானச் சாப்பாடும் அறைக்குள்ளேயே, கதவைத் தாழிட்டு, என்று எழுத்து மூலம் உத்தரவு வந்தது.

அடுத்த வியாழன் மத்தியானம் அந்தக் கதவு தட்டப்பட்டது. அடித்தளத்துக்கு வழி சொன்னவர் லிஃப்ட்காரராகத்தான் இருக்க வேண்டும்.

"தம்பி. நான்தான்."

ரேடியோ எழுந்து கதவருகே போய் நின்றார். திறக்கவில்லை.

"டாக்டர் கூப்பிட்டுக் கேட்டார். எங்க வீட்டுக்காரர் எதிர்லயே. நீங்கதான்னு தெரியும். வேற யாருகிட்டயும் நான் சொல்லலையே."

"ஆமாக்கா. நான்தான்."

"திட்ட வரல. திட்டறதெல்லாம் வீட்டுல அவர் திட்டிட்டார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன், என்னைத் திருடனாக்கிட்டியேன்னார். இனிமே கடை மாத்திரையைத் தொட மாட்டாராம். ஆராய்ச்சியை விட்டும் வர மாட்டாராம். அளவுன்னா அளவாம். கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கார்."

கதவு தாழிட்டிருக்கிறதா என்று ரேடியோ ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"நீங்க வெறும் ஸ்டோர் இல்லைன்னு இப்பத்தான் புரியுது. யாருக்கு எதுன்னு தெரிஞ்ச ஆள் நீங்கதான். கேளுங்க. அவருக்குக் கிடைக்கறது நிஜ மருந்துன்னா நான் பேசாம போயிடறேன். மாவுன்னா, கையைக் காலைப் பிடிச்சாவது அவரை வெளியில கூட்டிட்டுப் போயிடுவேன். நீங்க வாயால சொல்ல வேண்டாம். கதவைத் திறங்க, அது போதும். உங்க மூஞ்சியைப் பார்த்தாலே தெரிஞ்சுக்குவேன்."

அது உண்மை. வாயை மூடிக்கொள்ள அவர் பத்து மாதத்தில் கற்றுக்கொண்டிருந்தார். முகத்துக்கு இன்னும் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

"அக்கா, நிஜ மருந்தா இருந்தாலும் திறக்க மாட்டேன். மாவா இருந்தாலும் திறக்க மாட்டேன்."

"சரி, திறக்க வேண்டாம். மாவுன்னா ஒரு தட்டு தட்டுங்க. அந்தப் பக்கத்துல இருந்து, ஒரே ஒரு தட்டு. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். முப்பத்துமூணு வருஷம் எத்தனை கேட்டிருக்கேன்."

அக்கா பெஞ்சில் உட்கார்ந்து முழுக்கதையும் சொன்ன அந்த நீதிபதியின் தம்பி இவர் நினைவுக்கு வந்தார். இவர் தட்டாமல் இருந்தது அதனால் அல்ல, ஆனாலும் வந்தார். இரண்டு கைகளையும் அக்குளுக்குள் இறுக்கி வைத்துக்கொண்டு நின்றார். மறுபக்கத்தில் மூச்சு கேட்டது. அக்கா காதைக் கதவோடு வைத்திருந்தார். லிஃப்ட் மோட்டார் ஓடி, நின்று, மறுபடி ஓடியது. அது நிற்கும்போதெல்லாம் இருவரும் காத்திருந்தார்கள்.

"முட்டை சாப்பிட்டீங்களா?" என்று கடைசியில் அக்கா கேட்டார்.

"ரெண்டு இருக்குக்கா."

"சாப்பிடுங்க. ரெண்டையும் நீங்களே சாப்பிடுங்க."

செருப்புச் சத்தம் படியேறிப் போயிற்று. அதற்குப் பிறகு அவர் வரவில்லை. சர்வேயரின் உடற்பயிற்சியை வேறு கிழமைக்கு மாற்றிக்கொண்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் கேட்டாள்.

"என்னப்பா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா."

"புதிர் போடறீங்களா?"

"போடறேன்."

"எந்தப் பக்கம் வரைக்கும் வந்திருக்கீங்க?"

"முடிச்சிட்டேன்."

மகள் நம்பவில்லை. வேறொரு புத்தகம் அனுப்புவதாகச் சொன்னாள்.

ஆய்வு முடிந்ததும் ஒவ்வொரு பங்கேற்பாளருக்கும் அவர் சாப்பிட்டது என்ன என்று தபாலில் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. ஆகவே ஒருநாள் அக்கா அந்த உறையைப் பிரிப்பார். கதவுக்குப் பின்னால் நின்றவர் மாவு என்று தெரிந்தேதான் தட்டாமல் நின்றார் என்பதும் அன்று அக்காவுக்குத் தெரிந்துவிடும். ரேடியோ இதை யோசிக்காமல் இல்லை. தவணை தவறாமல் யோசித்தார், முதல் செவ்வாய்க்கிழமைகளில், முப்பத்தொன்றாம் எண்ணின் முறை வரும்போது.

மீதியிருந்த பதினான்கு மாதமும், மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, அவர் முந்நூற்று அறுபது மாவு மாத்திரைகளை எண்ணிப் புட்டியில் போட்டு, மூடி, முப்பத்தொன்று என்று எண் ஒட்டி, மேலே அனுப்பினார்.